மாடி வீட்டுக் கதவில் ஒரு காது

எனக்குக் காது நன்றாகக் கேட்கும். கெட்டுப்போனது எங்கள் வீட்டு வாசல் மணி. மூன்று மணி மாற்றிவிட்டேன். மூன்றும் ஊமை. என் மனைவி மட்டும் அடிக்கிறது என்கிறாள்.

"காதுக்கு மிஷின் வாங்கி மாட்டிக்குங்க" என்று அவள் பிடுங்கல் வேறு. உயிர் இருக்கிறவரை மாட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பிறகென்ன? போலீஸ் தடய ஆய்வுக் கூடத்தில் காலமெல்லாம் பிறத்தியார் காதைப் பார்த்தவன் நான். உள்ளே ஆள் இருக்கிறதா என்று திருடன் கதவில் காதை வைப்பான். கைக்கு உறை போடுவான். காதுக்கு எவன் போடுகிறான்? அந்தக் காதுத் தடத்தைப் பொடி தூவி எடுத்து, ஆள் இன்னார் என்று சொல்வது என் வேலை. அப்பேர்ப்பட்டவன் காதில் பொத்தான் மாட்டிக்கொண்டு தெருவில் போனால் நன்றாகவா இருக்கும்?

நேற்றுக் காலை, நாலாவது மணி மாட்ட எலக்ட்ரீசியனுக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மனைவி ஒரு கறுப்பு அட்டையோடு வந்தாள். வழக்கம்போலக் கத்தினாள். அவளுக்குப் பிறவியிலேயே பெரிய குரல்.

"ஏங்க, மாடி வீட்டம்மா பயந்து போயிருக்காங்க. அவங்க கதவுல யாரோ காதை வச்சு ஒட்டுக் கேக்கறானாம்."

"போலீசுக்குப் போகச் சொல்லு."

"போலீஸ் எதுக்கு, எங்க வீட்டுக்காரர் இருக்காரேன்னுட்டேன். நானே முகத்துப் பவுடரைத் தூவி, டேப் ஒட்டி எடுத்துட்டு வந்தேன். நீங்க பண்ணிக் காட்டுவீங்களே, அதே மாதிரி."

முகத்துப் பவுடர். அட்டையைத் தூக்கி எறியத்தான் கை போனது. ஆனால் காது அச்சாக விழுந்திருந்தது. ஓய்வு பெற்ற பிறகு கைக்கு வந்த முதல் காது. பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

"வலது காது. எத்தனை எடுத்தே?"

"அஞ்சாறு. எல்லாமே இதே காதுதான்."

"அப்ப இடது காது டமாரம். அதான் வலதை மட்டும் ஒட்டறான்."

"வலது நல்லா இருக்கா?"

"அதுவும் அரைகுறை. திருடன் பூ மாதிரி வைப்பான். இவன் கதவையே தள்ளப் பாத்திருக்கான். மடல் எப்படி நசுங்கிக் கிடக்கு பாரு."

"வயசு?"

"கிழம். வயசானாத்தான் காது இப்படிக் கீழே இறங்கும். தலையில எண்ணெய் வேற வழியுது. குளிக்கிற வழக்கம் உண்டோ என்னவோ."

"பாவங்க. அவரை என்ன பண்ணலாம்?"

'அவரை' என்றாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"என்ன பாவம்? அவனுக்கு வீட்ல பொண்டாட்டி இல்லையா? ஒரு மிஷினை வாங்கிக் காதுல திணிச்சு விடச் சொல்லு."

"மாட்ட மாட்டேன்னு அடம் பிடிச்சா?"

"கட்டி வச்சு மாட்டச் சொல்லு."

பீரோவைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"இது மாடி வீட்டுக் கதவு இல்லைங்க. நம்ம வாசக் கதவோட உள்பக்கம். மணி கெட்டுப்போச்சுன்னு, யாராவது வந்து நிக்கறாங்களான்னு தினம் காதை ஒட்ட வச்சுப் பாக்கறீங்களே."

விட்டுக்கொடுக்கிற ஆளா நான்?

"இதெல்லாம் செல்லாது. காதுத் தடத்தை மட்டும் வச்சு ஆளைச் சொல்ல முடியாது. அழுத்தம் மாறினா உருவமே மாறும். எந்தக் கோர்ட்டுலயும்..."

"ஓ. அப்ப இத்தனை வருஷமா நீங்க சொன்னதெல்லாம் பொய்யா?"

ஒன்று, என் காது கெட்டது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். இல்லை, என் வேலையே புளுகு என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அவள் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அவசரமே படவில்லை.

மாட்டிக்கொண்டேன்.

மின்விசிறி இவ்வளவு சத்தம் போடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்தது மணி. கணீரென்று. போய்க் கதவைத் திறந்தேன். எலக்ட்ரீசியன்.

"எது சார் ரிப்பேர்?"

சமையலறையில் என் மனைவி வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள். "ரிப்பேர் பண்ணியாச்சுப்பா."

பாழாய்ப்போன அதுவும் காதில் விழுந்தது.