நான் நடக்காத பத்தாயிரத்து எண்ணூறு அடிகள்

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் படுத்தபடியே எழுதும் வணக்கம். அங்கே உங்கள் முழங்கால், மாமாவின் சர்க்கரை, மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியின் கசிவு எல்லாம் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அப்படி எழுதினால் என் டாக்டர் அதையும் தன் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்வாரோ என்று பயமாக இருக்கிறது. இந்தக் கடிதத்தை ஐந்து நாளாக எழுதுகிறேன். நடுவில் கையெழுத்து மாறினால் வேறு யாரோ எழுதியது என்று நினைத்துவிடாதீர்கள். முழுக்க நான்தான். இந்த வீட்டில் எதைச் செய்தது யார் என்று இப்போது தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது உங்களுக்குத் தெரியும். காய்ச்சல் போய்விட்டது, நான் எழுந்திருக்கவில்லை. தலைக்கு ஊற்றிக்கொண்டால் மறுநாள் முழுக்கப் படுக்கை, ஒருவரோடு அரைமணி பேசினால் இரண்டு நாள் படுக்கை. பதினொரு வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து, ஊர் உலகத்துக்கெல்லாம் ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் அடித்துக் கொடுத்தவள் நான். அந்தப் பாவம்தானோ என்னவோ, என் ரத்தத்தை எங்கே கொடுத்தாலும் நார்மல், எல்லாமே நார்மல். கடைசியில் ஒருவர் இதற்கு நாட்பட்ட களைப்பு நோய் என்று பெயர் சொன்னார். நோய்க்கு வேறு பெயரே கிடைக்கவில்லையா அத்தை? சொன்னவுடன் எதிரில் இருப்பவர் கொட்டாவி விட்டு, “எனக்கும் அதேதாங்க” என்கிறார். நீங்கள்கூடப் போனில், “எனக்குந்தான் அசதியா இருக்கு, நான் என்ன படுத்துக்கிட்டா இருக்கேன்?” என்று கேட்டீர்கள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. கோபத்துக்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

இப்படி இருக்கும்போதுதான் இந்த நோயை ஒரு டாக்டர் ஆராய்ச்சி செய்கிறார், பன்னிரண்டு நோயாளிகள் வேண்டும் என்று தெரிந்தது. எழுந்து உட்கார்ந்து அழுதேன், உடனே படுத்துவிட்டேன். ஆராய்ச்சி நடக்கும் இடம் மூன்றாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை. உங்கள் தம்பி பின்னால் இருந்து முட்டுக்கொடுக்க, ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிப் போனால், டாக்டர் எழுந்து நின்று, “மூணு மாடி ஏறிட்டீங்களே, பரவாயில்லையே!” என்றார். அதற்கப்புறம் ஒன்பது நாள் நான் படுக்கையில் திரும்பிப் படுக்க முடியாமல் கிடந்ததைப் பார்க்க அவர் வரவில்லை. இந்த நோய் செய்த வேலைக்கு அன்றைக்கே தண்டனை தராது, மறுநாளைக்குத்தான் தரும். இவர்களோ மறுநாளை அளப்பதே இல்லை. அறுபத்து நாலு கேள்வி கொண்ட தாள் ஒன்று கொடுத்தார்கள். ‘கடந்த ஏழு நாட்களில் எத்தனை முறை களைப்பாக உணர்ந்தீர்கள்?’ ஒரே முறை என்று எழுதினேன். ஆரம்பித்தது இன்னும் முடியவில்லையே!

காத்திருக்கும் கூடத்தில் என்னைப் போல இன்னொரு பெண் இருந்தாள். வங்கியில் கணக்கராக இருந்தவளாம். இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டு அதில் படுத்திருந்தாள். இரண்டு பேரும் பேசவில்லை, பேசினால் தெம்பு செலவாகிவிடும் என்று இருவருக்குமே தெரியும். ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டோம். ஆறு வருடத்தில் என்னை முழுக்க நம்பிய ஒரே ஆள் அவள்தான். அவளை நினைத்துத்தான் இந்தக் கடிதமே.

ஆராய்ச்சி இதுதான்: ஆளுக்கொரு வாட்ச் கட்டிவிடுவார்கள், அது நாம் நடக்கும் அடிகளை எண்ணும். வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட நடக்க வேண்டும், நடந்தால் நோய் குறைகிறதா என்று பார்ப்பார்கள். முதல் வாரம் எனக்கு ஒரு நாளைக்கு எண்ணூறு அடி. எல்லாம் கட்டிலுக்கும் கழிவறைக்கும் போய் வந்தது. இரண்டாவது வாரம் முயற்சி செய்து பார்த்தேன், வாசல்வரை போய்விட்டு நாலு நாள் விழுந்தேன். அதற்கப்புறம் நான் முயற்சியை விட்டேன். வாட்ச் விடவில்லை. காலையில் கண் விழித்தால் பட்டை ஈரமாக இருக்கும், ஐந்தாவது துளையில் மாட்டியது மூன்றாவது துளையில் இருக்கும். தூக்கத்தில் வியர்க்கிறது, கை வீங்குகிறது, இதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று குறித்துவைத்தேன். எவ்வளவு பெரிய மண்டு நான் பாருங்கள்.

ஆறாவது வாரம் முடிந்து போனபோது என்னால் ஒரு படிகூட ஏற முடியவில்லை. சக்கர நாற்காலியோடு இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கைதட்டினார். “ஒரு நாளைக்குப் பத்தாயிரத்து எண்ணூறு அடி! உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் தேடிக்கிட்டிருந்தோம்.” அப்புறம்தான் திரும்பினார். “ஆமா, நாற்காலி எதுக்கு?” என்னால நடக்க முடியல டாக்டர் என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, பரிவோடு சொன்னார்: “உடம்பு குணமாயிடுச்சும்மா. மனசுதான் இன்னும் நம்பல.” பக்கத்தில் நின்ற உங்கள் தம்பி ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஜன்னலுக்கு வெளியே மரமே கிடையாது.

வரும் வழியில் காரில் கேட்டேன். “அப்பா, வாட்சை நீங்க கட்டிக்கிட்டீங்களா?” கொஞ்ச நேரம் இருமினார். “காலையில நீ தூங்குறப்ப கழட்டிக்கிட்டுப் போய்ப் பூங்காவைச் சுத்திட்டு வந்து மாட்டிடுவேன். பத்தாயிரத்துக்கு எண்ணூறுன்னா நூத்துக்கு எட்டு மார்க். எட்டு மார்க் வாங்குற பிள்ளைய யாரு வச்சிருப்பாங்க, சொல்லு? ஒரேயடியா ஏத்தினா சந்தேகம் வரும்னு வாரத்துக்கு ரெண்டாயிரமா ஏத்தினேன்.” முப்பத்து நாலு வருடம் ஆசிரியராக, கடைசியில் தலைமை ஆசிரியராக இருந்து, காப்பியடித்த பையன்களை வெயிலில் நிற்கவைத்த மனிதர் பேசுகிற பேச்சா அத்தை இது?

நான் வேலை பார்த்த பரிசோதனைக் கூடத்தில் ஒரே ஒரு குற்றத்துக்குத்தான் மன்னிப்பு இல்லை. ஒருவர் ரத்தக் குப்பியில் இன்னொருவர் பெயரை ஒட்டுவது. ஒட்டினால், முகம் தெரியாத யாருக்கோ தப்பான மருந்து போகும். பதினொரு வருடத்தில் நான் ஒரு தடவைகூட ஒட்டியதில்லை. இப்போது உங்கள் தம்பியின் கால்களில் என் பெயரை ஒட்டி அனுப்பிவிட்டோம். பன்னிரண்டே பேர் உள்ள ஆராய்ச்சியில் ஒருத்தி இப்படி ஏறினால் மொத்தக் கணக்கும் ஏறிவிடும். அடுத்த மாதம் ஒரு டாக்டர்கள் கூட்டத்தில் இதைப் படிக்கப்போகிறார்கள். நடந்தால் குணமாகும் என்று எழுதிவிடுவார்கள். அந்த இரண்டு நாற்காலிப் பெண்ணை எழுப்பி நடக்கவிடுவார்கள், அவள் விழுவாள், உனக்கு மனசு சரியில்லை என்பார்கள்.

நானே போன் செய்து உண்மையைச் சொன்னேன். எடுத்த உதவியாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “குணமானவங்க சில பேர் ஆரம்பத்துல இப்படிச் சொல்றதுண்டு” என்று குறித்துக்கொண்டார். உங்கள் தம்பி நேரில் போய்ச் சொன்னால்தான் உண்டு. அவரோ, “சொன்னா உன் பேரை எடுத்துடுவாங்க. அப்புறம் உன்னைப் பாக்குறதுக்கு வேற எந்த டாக்டர் இருக்கார்?” என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுகிறார். அவர் கேட்பதும் நியாயம்தான். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன், இனி எத்தனை வருடம் இப்படி என்று கேட்கக்கூடப் பயமாக இருக்கிறது. ஆனாலும் அவர் போகத்தான் வேண்டும். உலகத்தில் அவர் பயப்படுவது உங்கள் ஒருவருக்குத்தான். தயவுசெய்து அடுத்த ரயிலில் புறப்பட்டு வந்து, சின்ன வயதில் திருகிய அந்தக் காதை இன்னொரு தடவை திருகி, அவரை அந்த மூன்று மாடியும் ஏற்றிவிடுங்கள்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் இருவர் ஆசியும் எனக்கு வேண்டும், முடிந்தால் கொஞ்சம் கூடுதலாகவே.

இப்படிக்கு,
உங்கள் மருமகள் முறையான,
நார்மல் ரிப்போர்ட்டுக்காரி

பி.கு.: அத்தை, நீங்கள் வர வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. இன்று காலை உங்கள் தம்பி யாரிடமும் சொல்லாமல் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு வந்துவிட்டார். அந்தக் கணக்கை அவர் கண் முன்னாலேயே அழித்தார்களாம். என் பெயரையும் எடுத்துவிட்டார்கள். அதோடு விட்டார்களா? எழுபத்தோரு வயதில் பத்தாயிரத்து எண்ணூறு அடி எப்படி நடக்கிறீர்கள் என்று வியந்துபோய், நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான முதியவர்கள் பிரிவு ஒன்று இருக்கிறதாம், அதில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள்! அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். “எப்படிப்பா மனசு வந்துச்சு?” என்றேன். கட்டிலோரம் உட்கார்ந்து சொன்னார்: “வாரம் ஒரு மணி நேரம் என் நெஞ்சுல ஒயரை மாட்டி டாக்டரே பக்கத்துல உக்காந்து பாப்பாராம். ஒயரு மாட்டியிருக்கிற வரைக்கும் அவரால எந்திரிச்சுப் போக முடியாதுல்ல? அந்த ஒரு மணி நேரமும் உன்னைப் பத்தித்தான் பேசப்போறேன்.” பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளும் பேனாவும் எடுத்து, முதல் வாரம் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டார். அறுபத்து நாலு கேள்விக்கும் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை அத்தை. “நான் நடக்கலைன்னு சொல்லுங்கப்பா” என்றேன். எழுதிக்கொண்டார்.