நாலு எழுத்து மாமியார்

கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்க ஆசைப்படாத மாப்பிள்ளை கிடையாது. நான் ஆசையோடு நிற்காமல் முயற்சியும் செய்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. என் மாமனார் ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். மாமியார் தவறியபின் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் தனியாக இருந்தார். துணைக்கு ஒரு வீடியோ கேம், பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் வாங்கிய டூப்ளிகேட் கேம் காட்ரிஜ். நாலு பேர் காடு மலை சுற்றி அரக்கர்களை அடிக்கும் ஆட்டம். விட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளக் காட்ரிஜுக்குள் பொத்தான் அளவு பேட்டரி.

"பேட்டரி வீக்காயிட்டா எல்லாம் போயிருமாம், மாப்பிள்ளே."

"நான் இருக்கேன்ல, மாமா?" (கம்ப்யூட்டர் கடையில் வேலை. பிரிண்டருக்குப் பேப்பர் போடுவதுதான் என் சிறப்புத் தகுதி.)

கிள்ளானில் திருட்டு கேம் விற்கும் நண்பன் சோங்கிடம், காட்ரிஜை டிஸ்கெட்டில் நகலெடுக்கும் பெட்டியை இரவல் வாங்கி வந்தேன். நகல் ஏறியது. "இனி உலகமே அழிஞ்சாலும் உங்க கேம் அழியாது," என்று அறிவித்துவிட்டு, பழைய பேட்டரியைப் பிடுங்கிப் புதியதைப் பற்றவைத்தேன்.

கேம் வந்தது. முதலிலிருந்து வந்தது. டிஸ்கெட்டில் ஏறியது ஆட்டம் மட்டும்தான். அவர் ஆடி வைத்திருந்தது ஏறவில்லை. அதைத் தனியாக எடுக்க வேண்டுமாம். (சோங் மறுநாள் போனில் சொன்னான். சிரித்துக்கொண்டே.)

மாமா திரையையே பார்த்தார். "சாரா போயிட்டா."

"யாரு மாமா?"

"உங்க அத்தை. சரஸ்வதின்னு போட இடமில்ல, இங்கிலீஷ்ல நாலு எழுத்துதான் விடுது. அதான் சாரா. மருந்து போடுறவ. நான் அடிபட்டு விழுந்தா அவதான் எழுப்பி விடுவா."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் மன்னிப்புக்கு வார்த்தை தேடினேன்.

இரண்டு கோப்பைத் தேநீரோடு திரும்பி வந்தார்.

"ரெண்டு மணி நேரம் ஆடுனா அவ இருக்கிற ஊரு வந்துரும். போன தடவ அவசரமா ஆடிட்டேன் லா. இந்தத் தடவ மெதுவா போவோம்."

அந்த 'வோம்' கேட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது.

ஞாயிறுதோறும் போனேன். நாலாவது வீரனுக்கு என் பெயரை வைத்தார். அடிக்கடி செத்து விழுகிறவன் அவன்தான். சாரா ஒவ்வொரு தடவையும் முகம் சுளிக்காமல் எழுப்பி விட்டாள்.

இன்றும் வீட்டில் யார் போன் கோளாறானாலும் நான் கை நீட்டுவேன். உடனே என் மனைவி பிள்ளைகளை எச்சரிப்பாள்:

"அப்பாகிட்ட கொடுக்காதீங்க. எங்கம்மாவையே டெலிட் பண்ண மனுசன்."