புசெங்கா நாட்டு நல்லாட்சி

வரி வாங்கி ஆண்ட அரசுகள் உண்டு. வாளைக் காட்டி ஆண்ட அரசுகள் உண்டு. இவை எதுவுமே இல்லாமல் ஒரு நாட்டை ஆண்டு காட்டிய பெருமை, உலகத்திலேயே மேற்கு உகாண்டாவின் புசெங்கா அரசுக்கு மட்டும்தான் உண்டு. பீரங்கி இருந்தால் எவனும் ஆளலாம். வெறும் பேனாவை வைத்து ஆள்வதற்குத் தனிப் பிறவி வேண்டும்.

அரசர் நான்காம் ருசோக்கே அப்படிப்பட்ட பிறவி. குடியரசுக்காரர்கள் முடியாட்சிகளை ஒழித்தபோது இளவயதில் நாட்டைவிட்டு ஓடியவர், இங்கிலாந்தில் ஒரு குளிர் பிடித்த ஊரின் பேருந்து நிலையத்தில், பயணிகள் தவறவிட்ட குடைகளையும் கையுறைகளையும் காக்கும் பிரிவில் கால் நூற்றாண்டு குப்பை கொட்டினார். பிறகு தலைநகர் கம்பாலாவில் மனம் மாறிப் புதுச் சட்டம் வந்தது. அரசர்கள் திரும்பி வரலாம், அரியணையில் உட்காரலாம், முரசு கொட்டலாம்; ஆனால் வரி போடக் கூடாது, தீர்ப்புச் சொல்லக் கூடாது, அரசியல் பேசவே கூடாது. இனி அவர்கள் "பண்பாட்டுத் தலைவர்கள்".

அவருடைய பிரதம மந்திரி பிசெரெக்கோ, ஓய்வு பெற்ற மாட்டு டாக்டர். முடிசூட்டு விழாவில் அரசர் அங்கியை முன்பின்னாக மாற்றிப் போட்டிருப்பதைக் காதோடு சொன்ன ஒரே மனிதர் அவர்தான். அந்தக் கணமே நம்பிக்கைக்குரிய அமைச்சராகிவிட்டார்.

குன்றின் மேல் அரண்மனை. அடிவாரத்தில், பழைய காப்பிக் கிடங்கில், பிரதம மந்திரி அலுவலகம். தினமும் காலையில் முரசுக்காரன் குன்றிலிருந்து அரசரின் கடிதத்தைக் கொண்டுவருவான். முரசுக்குத்தான் வேறு வேலை இல்லையே. ஆட்சி எப்படி நடத்த வேண்டும் என்பது பற்றிய கடிதங்கள் அவை.

"அன்புள்ள பிசெரெக்கோ, போருக்குப் போகுமுன் மூன்று முறை யோசி" என்று ஒருநாள் வந்தது. வாயில் காவலரை மட்டுமே படையாகக் கொண்ட பிசெரெக்கோ பணிவாகப் பதில் எழுதினார்: "மூன்று முறை யோசித்தேன். போகவில்லை." அரசர் மிகவும் மகிழ்ந்தார்.

இன்னொரு கடிதத்தில் பேருந்து நிலைய அனுபவம் பேசியது. "எவன் வந்து எதைக் கேட்டாலும் உடனே எடுத்துக் கொடுத்துவிடாதே. என்ன நிறம் என்று முதலில் கேள். உண்மையில் இழந்தவனுக்கு நிறம் தெரியும்."

பிசெரெக்கோ ஏமாளி அல்ல. காலையில் கண்ணாடி முன் கறுப்புக் கோட்டை மாட்டியதும் தனக்குத் தானே ஒரு சல்யூட் அடித்துவிட்டுச் சிரிப்பார். சிரித்து முடித்தபின் கோட்டைக் கழற்றியதில்லை என்பதுதான் விஷயம்.

"பிரதம மந்திரியே, கோழிக்கூட்டைச் சாத்தியாச்சா?" என்று மனைவி அடுப்படியிலிருந்து கேட்பாள்.

"ஆட்சி விஷயமா படிச்சிட்டிருக்கேன், அக்கீக்கி."

"கோழிங்களும் உங்க குடிமக்கள்தான். கீரி வர்ற நேரம்."

எழுந்து போய்ச் சாத்துவார். அன்றைய தேதியில் அவருடைய உத்தரவுக்குக் கட்டுப்பட்டவை அந்தக் கோழிகள் மட்டும்தான், அவையும் சில நாள்தான்.

இப்படி நாடு செழித்துக்கொண்டிருந்தபோது, ஏரிக்கரைக் கிராமத்திலிருந்து கபாசிங்குசி ஒரு கூட்டத்தோடு வந்து இறங்கினாள். கருவாடு விற்பவள், பத்து மாட்டுக்குச் சொந்தக்காரி, நாக்குக்கு வேலி கிடையாது. புசெங்காவில் எல்லோருக்கும் பிறந்ததும் ஒரு செல்லப்பெயர் வைப்பார்கள். மரியாதையாகக் கூப்பிடுவதும் அதை வைத்துத்தான். சண்டைக்கும் அதேதான். பிசெரெக்கோ அமூத்தி, இவள் அப்வோலி.

"அமூத்தி, ஏரியைச் சுத்திக் கம்பி வேலி போட்டுட்டாங்க."

"அப்வோலி, யாரு போட்டாங்க?"

"ஓட்டல் கட்டுற கம்பெனிக்காரன். வெளிநாட்டுக்காரங்க வந்து மல்லாக்கப் படுத்துக்கிட்டே ஏரியைப் பாப்பாங்களாம். மாடு குறுக்க வந்தா ஏரி தெரியாதாம். எங்க மாடு தண்ணிக்கு எங்க போகும்?"

அரசரின் அறிவுரை பிசெரெக்கோவின் நினைவில் நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "ஏரி... என்ன நிறம்?"

கூட்டம் வாயடைத்துப் போனது. கபாசிங்குசி மட்டும் வாயைத் திறந்தாள்.

"இன்னும் கொஞ்ச நாள் போனா எங்க மாட்டு எலும்பு ஒரு நிறத்துல கிடக்கும். வந்து பாத்துக்குங்க."

"சட்டப்படி நாங்க அரசியல்ல தலையிட முடியாது."

"மாடு தண்ணி குடிக்கிறது அரசியலா?"

"வேலி போட்டுட்டா அரசியல்தான். எங்க வேலை பண்பாடு."

"அப்ப அந்தக் கோட்டு எதுக்கு?"

"அதுவும் பண்பாடுதான்" என்றார் பிசெரெக்கோ. சொன்னபிறகு அவருக்கே தன்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை. உடனே அரசருக்கு எழுதினார்.

மறுநாளே பதில் வந்தது. "குடிகளின் தாகம் கோவின் தாகம். நீ நிற்கும் இடத்தில் நான் நிற்பதாகவே பொருள். வேலியை எடுக்கச் சொல். மறுத்தால் இன்னொரு முறை சொல்."

வாடகை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து ஏரிக்கரைக்குப் போன பிசெரெக்கோ, வேலிக்கு வெளியே புழுதியில் நின்று அரச ஆணையை உரக்கப் படித்தார். ஓட்டல் மேலாளர் கம்பாலாக்காரர், தங்கமான மனிதர். கடைசிவரை நின்று கேட்டுவிட்டுக் கை தட்டினார்.

"அடடா! இதுக்கு ஒரு சட்டம் போட்டுடலாமா?"

பிசெரெக்கோ கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "சட்டமா?"

"ஆமா, நல்ல மரச்சட்டம். கண்ணாடி வச்சு வரவேற்பறையில மாட்டுவோம். விருந்தாளிங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்."

அரசர் சோர்ந்துவிடவில்லை. தாகத்தைப் பற்றி மேலும் மூன்று கடிதங்கள் எழுதினார். ஒவ்வொன்றும் முந்தையதைவிட அழகு. பிசெரெக்கோவும் போய்ப் படித்தார். கடைசித் தடவை மேலாளர் நாற்காலி போட்டு, டீயும் வறுத்த வேர்க்கடலையும் கொடுத்தார். நாலு மாதம் மழை பொய்த்தது. மாடுகள் அரைநாள் நடந்து சதுப்புக்குப் போயின. கன்றுகளால் அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை. கபாசிங்குசியின் மூன்று கன்றுகள் வழியிலேயே விழுந்தன. மூன்றாவதற்குப் பிசெரெக்கோவை மாட்டு டாக்டராகவே கூப்பிட்டிருந்தாள். அவர் கோட்டோடு புல்லில் மண்டியிட்டு அதன் இமையைத் தூக்கிப் பார்த்தார். செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அவள் அன்றைக்கு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

கடைசியாக டீ கொடுத்த அன்று மேலாளர் ஒரு தகவலையும் சொல்லியிருந்தார். "திறப்பு விழாவுக்கு உங்க ராஜாதானே வர்றார்! உங்களுக்குத் தெரியாதா?"

ஓட்டலிலிருந்து பிசெரெக்கோ நேராகக் குன்றேறினார். அரசர் முற்றத்தில் தானே செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார்.

"ஓகாலி" என்றார். அரசருக்கு மட்டுமே உரிய பெயர் அது. "நீங்க ஓட்டல் திறக்கப் போறீங்களாமே?"

"கூப்பிட்டாங்க அமூத்தி." அரசரின் முகத்தில் குழந்தையின் சிரிப்பு. "நாடு திரும்பினதுலேருந்து என்னை ஒரு வேலைக்குன்னு கூப்பிட்டது அவங்கதான். ரிப்பன் வெட்டணுமாம். கத்தரிக்கோல்கூட அவங்களே தர்றாங்களாம்."

"அந்த வேலி இருக்கே, அது அந்த ஓட்டலோடது."

சிரிப்பு மெல்ல வடிந்தது. "நான் எழுதினேனே, அந்த வேலியா?"

"அதேதான்."

"வாக்குக் கொடுத்துட்டேனே. அரசன் வாக்கு மாறக் கூடாதுன்னு உனக்கு எழுதியிருக்கேன் இல்ல?"

"போன வாரம்தான் எழுதினீங்க."

அரசர் ஊசியை எடுத்து, தைத்த வாரையே மறுபடி தைத்தார்.

விழாவுக்கு முந்தைய நாள் காலை பிசெரெக்கோ ஏரிக்கரைக்குப் போனார். இம்முறை கையில் கடிதம் இல்லை.

"எங்க பண்பாட்டுல ஒரு பழைய வழக்கம் இருக்கு" என்றார் மேலாளரிடம். "ராஜா தண்ணிப் பக்கம் உக்காரணும்னா, முதல்ல ஊர் மாடு அத்தனையும் அவர் கண் முன்னால தண்ணி குடிக்கணும். இல்லைன்னா உக்கார மாட்டார்."

"வேலி இருக்கே?"

"வேலிக்குள்ள ராஜா உக்காந்தா எங்க கணக்குல அது சிறை. சிறையில இருக்கிற ராஜா ரிப்பன் வெட்டுறதில்ல."

மேலாளர் யோசித்தார். சுற்றுலா அமைச்சர் வருகிறார், பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். "ஒரு நாளைக்குத்தானே?"

"ராஜா உக்காந்த தண்ணிக்கு மாடு வர்றதை அப்புறம் நிறுத்தக் கூடாது. அபசகுனம்."

"யாருக்கு?"

"ஓட்டலுக்கு" என்றார் பிசெரெக்கோ, மிகுந்த வருத்தத்தோடு.

மாலைக்குள் கரையோரமாக முப்பது அடிக்கு வேலி வெட்டப்பட்டது.

விழாவன்று முரசு முழங்கியது. ஆளுயரக் கொம்புகளோடு மாடுகள் புழுதி கிளப்பிக்கொண்டு இறங்கின. வெளிநாட்டு விருந்தாளிகள் நாற்காலிகளை உதைத்துக்கொண்டு எழுந்து படம் பிடித்தார்கள். செவலைப் பசு ஒன்று ரிப்பனில் பாதியை மென்றது. அரசர் குனிந்து பிசெரெக்கோவின் காதைக் கடித்தார்.

"இப்படி ஒரு வழக்கமா? எங்கப்பா சொன்னதே இல்லையே!"

"அவருக்குத் தெரிஞ்சிருக்காது, ஓகாலி. நேத்துதான் பழசாச்சு."

அரசர் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, கத்தரிக்கோலைச் செங்கோலாக உயர்த்தி, "இது எங்கள் முன்னோர் வழக்கம்!" என்று முழங்கினார். கடைசிக் கன்று குடித்துத் தலை தூக்கும்வரை, சுற்றுலா அமைச்சர் மூன்று முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தும், அவர் உட்காரவே இல்லை. அவர் ஆட்சியில் நடந்த முதல் ஆட்சி அது.

மறுநாள் கடிதம் வந்தது. "அன்புள்ள பிசெரெக்கோ, இனிப் பழைய வழக்கங்களைத் தயாரிக்குமுன் எனக்கும் ஒரு வார்த்தை சொல். நானும் இரண்டு மூன்று யோசித்து வைத்திருக்கிறேன்."

அதைப் படித்துப் பூரித்துக்கொண்டிருந்தபோது கபாசிங்குசி வந்தாள். வாழையிலையில் சுற்றிய கருவாட்டை மேசைமேல் வைத்தாள். பிசெரெக்கோ கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பாராட்டு பெறுவதற்கும் ஒரு முறை இருக்கிறதே.

"உங்களை மாதிரி ஒரு மந்திரி உலகத்துலயே கிடையாது, அமூத்தி. துப்பாக்கி இல்லை, கோர்ட்டு இல்லை, ஒரே ஒரு பொய். ஏரியே திரும்பி வந்துடுச்சு!"

"எல்லாம் ஓகாலியோட ஆசி."

"அடேயப்பா, எப்பேர்ப்பட்ட மூளை! ராத்திரி பகலா யோசிச்சிருப்பீங்க?"

"சேச்சே." பிரதம மந்திரி தன்னடக்கத்தோடு கையை வீசினார். "காலையில பல்லு வெளக்கிட்டிருந்தேன். சும்மா தோணிச்சு."

கபாசிங்குசி அவர் வாயையே பார்த்தாள்.

"அப்ப என் கன்னுங்க செத்த நாலு மாசமும் பல்லே வெளக்கலையா நீங்க?"