பரம்பரைப் புற்றுநோய்க்குப் படம் காட்டியவர்

படம் காட்டுகிறவர்கள் என்றோர் இனம் உண்டு. வெட்டிப் பகட்டைச் சொல்லவில்லை; நிஜமாகவே திரையைக் கட்டி, விளக்கை அணைத்து, ஊருக்கு விழிப்புணர்வுப் படம் காட்டுகிறவர்கள். உங்களுக்கும் ஒருவரைத் தெரிந்திருக்கும்.

இந்த இனத்தில் நன்றாக விளைந்த ஒருவர் ஓர் அலுவலகத்தில் மேலாளர். ஊழியர்கள் அவரை ‘விழிப்புணர்வு சார்’ என்பார்கள், அவர் அறையை விட்டுப் போன பிறகு. சாலைப் பாதுகாப்புக்குப் படம் போட்டுவிட்டு ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு வண்டியோட்டி வீடு திரும்பியவர். புகைக்கு எதிரான படத்தின் இடைவேளையில் மாடிப்படிக்குக் கீழே பதுங்கி நின்று பற்றவைத்தவர்.

இந்த முறை பரம்பரைப் புற்றுநோய்.

விஷயம் இதுதான். அவருடைய தங்கைக்கு மார்பகப் புற்றுநோய். அது பரம்பரையாக வந்தது என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்ததும், “உங்க அண்ணனையும் வரச் சொல்லுங்க, அவருக்குப் பொண்ணு இருக்காளே” என்றார் டாக்டர். அண்ணன் போகவில்லை. அவர் வீட்டில் அந்த நோயின் பெயரையே யாரும் உச்சரிப்பதில்லை. தங்கைக்கு ‘உடம்பு கொஞ்சம் முடியலை’. அம்மா போனது ‘பலவீனத்தில்’. ஆனால் படத்துக்குச் சுவரொட்டி அடித்தபோது அதே பெயரைச் சிவப்பில், முழ நீளத்துக்குப் போடச் சொன்னவர் அவர்தான்!

படம் ஓடியது. குடும்ப நோயை மகள்களிடம் மறைக்கும் ஓர் அப்பாவின் கதை. முன்வரிசையில் மேலாளர் தோள் குலுங்க அழுதார். கடைசி வரிசையில், சிகிச்சையில் முடி கொட்டிய தலையில் துணி கட்டியிருந்த தங்கையும், பக்கத்தில் மேலாளரின் மகளும் அழாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

விளக்கு வந்தது, மைக்கும் அவர் கைக்கு வந்தது.

“குடும்பத்துக்குள்ள மறைக்கக் கூடாதுங்க! அப்பா வழியாவும் பிள்ளைங்களுக்கு வரும்னு காட்டினாங்க பாருங்க, அதான் படத்தோட உயிர்! அந்த அப்பனெல்லாம் மனுஷனா?”

தங்கை எழுந்தாள். “அண்ணா, டாக்டர் உன்னை வரச் சொல்லி எத்தனை நாளாச்சு?”

“கேள்வி படத்தைப் பத்தி மட்டும் இருக்கட்டும்மா” என்றார் மேலாளர், கனிவாக. கைதட்டல்.

வீட்டில் மகள் விடவில்லை. “அந்த அப்பாவை அவ்வளவு திட்டினீங்களே, நீங்க எப்பப்பா போறீங்க?”

“அது சினிமாம்மா. நாலு பேருக்குத் தெரிஞ்சா நாளைக்கு உனக்குத்தான் கஷ்டம்.”

அவள் வாதாடவில்லை. அத்தையைக் கூட்டிக்கொண்டு போய் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். முடிவு வந்த அன்று, அவர் பார்த்துக்கொண்டிருந்த டிவியை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“எனக்கும் இருக்குப்பா. வியாதி இல்ல, வர்றதுக்கான வாய்ப்பு. விடாம செக்கப் பண்ணிக்கிட்டா ஆரம்பத்துலயே பிடிச்சுடலாமாம். முன்னாடியே தெரிஞ்சது நல்லதுன்னாங்க. அத்தைக்கு இருக்கிற அதே மரபணுக் கோளாறுதான். உங்க வழியாத்தான் வந்திருக்குப்பா.”

மேலாளர் அவளையே பார்த்தார். பின்னணி இசை இல்லாததால் எந்த இடத்தில் அழவேண்டும் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

“பயமா இருக்காம்மா?” என்றார் கடைசியில். அந்த வீட்டில் அந்த விஷயத்தைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

“இருக்குப்பா. ஆனா சித்தப்பா வீட்டுல ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க. அவங்களுக்குச் சொல்லணும்.”

அவர் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார். தொண்டையைச் செருமினார். “தம்பி... ஒரு நல்ல படம் ஒண்ணு வந்திருக்குடா. குடும்பத்தோட பாரு...”

மகள் கை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள். “சித்தப்பா, படமெல்லாம் அப்புறம். நம்ம வீட்டுக் கதையை நான் சொல்றேன், கேளுங்க.”

அவள் சொல்லி முடிக்கும்வரை மேலாளர் எழுந்து போகவில்லை. அவரைப் பொறுத்தவரை அதுவே பெரிய காரியம்.

சிரிக்கிறீர்கள். நியாயம்தான். ‘அருமை, அனைவரும் படிக்கவும்’ என்று எழுதி இதைக் குடும்பக் குழுவில் போட விரல் துடிக்கிறதா? போடுங்கள். அதற்கு முன்னால் ஒன்று: உங்கள் பெரியம்மா எதனால் போனார் என்று உங்கள் வீட்டில் யாரையாவது கேட்டிருக்கிறீர்களா?