பஸ் கம்பியில் ஒட்டிய ஃபெரைட்

சிக்கனக்காரனுக்கும் கஞ்சனுக்கும் என்ன வித்தியாசம் என்று என் மனைவி மலர்விழியைக் கேட்டால், கஞ்சனுக்குக் காசாவது மிஞ்சும் என்பாள். என்னைச் சிக்கனக்காரன் என்றுதான் சொல்வாள்.

தொண்ணூறுகளில் சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். எனக்கு அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் கிடைத்த புதிது. நானே பற்றவைத்த டிரான்ஸ்மிட்டர், மொட்டைமாடியில் ஏரியல் கம்பி. (உலகமே என் குரலுக்குக் காத்திருப்பதாக நினைப்பு.) ஞாயிறு மாலைகளில் மைக்கைப் பிடித்து, "யாராவது கேட்கிறீர்களா?" என்று அழைப்பேன். உலகத்தில் ஒருவரும் கேட்கவில்லை. மாடிவீட்டு தேவசகாயம் குடும்பம் மட்டும் கேட்டது, தங்கள் புத்தம்புது கலர் டிவியில். படத்தில் தாய் உயிர்விடும் நேரத்தில் அவள் வாயிலிருந்து என் குரல் வந்திருக்கிறது.

தேவசகாயம் நல்ல மனிதர். இன்னொரு ஞாயிறு இப்படி நடந்தால் ஏரியலை அறுத்துவிடுவதாக மரியாதையாகத்தான் சொன்னார். அந்தக் கம்பி போனால் என் டிரான்ஸ்மிட்டர் வெறும் தகர டப்பா.

இதற்கு மருந்து ஃபெரைட் வளையம். கறுப்பாக, மெதுவடை மாதிரி இருக்கும். டிவி ஒயர்களை அதில் சுற்றிவிட்டால், ஒயர் வழியாக நுழையும் ரேடியோ அலை அங்கேயே அடங்கிவிடும். சென்னைக் கடையில் விலை கேட்டு நெஞ்சு அடைத்துப்போய், மலர்விழியையும் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டில் ஒரு காயலான் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு கோணி நிறையக் கறுப்பு வளையங்களைக் கொட்டினார். ரேடியோ வேலைக்கு ஆகுமா என்று கேட்டேன்.

"இன்னா சார் இப்டி கேட்டுட்ட? எல்லாம் ரேடியோலேந்து பேத்ததுதான்."

இதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்? எடைக்கு வாங்கினேன்.

திரும்பும்போது பை பஸ் கம்பியில் ஒட்டிக்கொண்டது. இறங்கும் இடத்தில் இருவரும் சேர்ந்து இழுத்தோம், கண்டக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"இது காந்தங்க" என்றாள் மலர்விழி.

இரும்பையே இந்தப் பிடி பிடிக்கும் சரக்கு அலையை விட்டுவிடுமா என்று வீடு வரை அவளுக்கு இயற்பியல் பாடம் எடுத்தேன்.

ஞாயிறு மாலை, தேவசகாயம் வீட்டில் அணைத்திருந்த டிவியின் ஒயர்களை வளையங்களில் சுற்றி, டிவியின் முதுகிலும் விலாவிலும் டேப் போட்டு ஒட்டினேன். டிவியைப் போடச் சொல்லிவிட்டுக் கீழே ஓடிவந்து மைக்கைப் பிடித்தேன். "யாராவது கேட்கிறீர்களா?"

"கேக்குது" என்று மாடியிலிருந்து பதில் வந்தது. "கொஞ்சம் மேல வந்து பாருங்க சார்."

திரையில் கதாநாயகிக்கு ஒரு கன்னம் பச்சை, மறு கன்னம் ஊதா. நான் வாங்கியவை ஸ்பீக்கர் காந்தங்கள். அவையும் ஃபெரைட்தான், ஆனால் அலையை அடக்காது, பக்கத்திலிருக்கும் கலர் டிவியைத்தான் அடக்கும்.

"முன்னாடி சத்தம் மட்டும்தான் சார் போச்சு" என்றார் தேவசகாயம்.

மெக்கானிக் வந்து என் செலவில் திரையில் ஏறிய காந்தத்தை இறக்க, மந்திரிப்பதுபோல் ஒரு காயிலை டிவிக்கு முன்னால் சுற்றிக் காட்டினார். முகங்கள் தெளிந்தன, ஒரு மூலையில் ஊதா மட்டும் கடைசிவரை போகவில்லை. ஏரியலை நானே அவிழ்த்தேன். அவமானத்தில் அழுகை வந்தது. கீழே நின்று கம்பியைச் சுருட்டிய மலர்விழி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்கும் சேர்த்து அப்புறம் பேசினாள். மலிவாகக் குடை வாங்கினாலும் குக்கர் வாங்கினாலும் வீட்டில் இன்றுவரை ஒரே கேள்விதான். வருடங்கள் கழித்து மகளுக்கு நாவலூரில் வேலை பார்க்கும் வரன் வந்தது. நகை, சீர், எதுவுமே வேண்டாமாம். நான் பூரித்துப்போய்ச் சொல்லி முடிப்பதற்குள் மகளே கேட்டாள்:

"பஸ் கம்பியில ஒட்டிப் பாத்தியாப்பா?"