பூக்குட்டி பாஸ், என் மகள் பெயில்

மரியாதைக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், உங்கள் தங்கை நலம், கூடத்தில் நிற்கும் முக்காலியும் நலம். உங்கள் மருமகள் நலமா என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் என் அருமை மகள் போன வாரத்திலிருந்து என்னோடு பேசுவதில்லை. அங்கு உங்கள் மூட்டுவலியும், அக்காவின் பல்வலியும், வீட்டு மோட்டாரின் சத்தமும் குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

நிற்க. இந்தக் கடிதத்தை எழுத ஒரே காரணம்தான். நீங்கள் அவளுக்கு ஒரு போன் போட்டு, "அப்பாவோட பேசும்மா" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தாய்மாமன் சொன்னால் அவள் தட்ட மாட்டாள். உங்களுக்கு என்மேல் பழைய வருத்தம் இருப்பது தெரியும். நான் பிரேக் இன்ஸ்பெக்டராக இருந்தபோது உங்களுக்கு லைசென்ஸ் டெஸ்டில் பெயில் போட்டேன். கல்யாணத்துக்கு முன்பு ஒருமுறை, பின்பு ஒருமுறை. ஆனால் மச்சான், மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள், ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் நேராக என் ஜீப்பின்மேல் வந்து மோதினால் நான் வேறு என்னதான் செய்வது? அதை இப்போது மனதில் வைத்துக்கொள்ளாமல் மேற்கொண்டு படிக்கவும்.

நடந்தது இதுதான். அவளுடைய கல்லூரிக்கும் கடல் தாண்டிய ஒரு நாட்டுக் கல்லூரிக்கும் ஏதோ ஒப்பந்தமாம், இங்கே ஒரு வகுப்பு, அங்கே ஒரு வகுப்பு, ஒருத்தரை ஒருத்தர் நேரில் பார்க்காமலே கம்ப்யூட்டர் வழியாகச் சேர்ந்து படிக்க வேண்டுமாம், இங்கிருந்து ரெண்டு பேர் அங்கிருந்து ரெண்டு பேர் என்று நாலு நாலு பேராகக் குழு பிரித்து, குழுவுக்கொரு பொருளை வடிவமைக்கச் சொல்லிவிட்டார்கள். இவள் குழுவுக்கு வந்தது முக்காலி. இரண்டு நாட்டு வீட்டிலும் பயன்படும்படி ஒரு முக்காலி. நம் முன்னோர்கள் கடல் தாண்டாமலேயே முக்காலி செய்தார்களே என்று கேட்டேன். "அப்பா, முக்காலி முக்கியமில்லை, சேர்ந்து செய்யுறதுதான் பாடம்" என்றாள். அப்போதே என் மனதில் லேசாக உறுத்தியது. சேர்ந்து செய்வதைப் பற்றி நம் குடும்பத்துக்கு என்ன தெரியும்? நாம் சேர்ந்து ஒரு பீரோவை மாடிக்கு ஏற்றிய அழகு உங்களுக்கு நினைவிருக்கும்.

இவளுடைய கூட்டாளிப் பெண் ஒருத்தி இருந்தாள். திரையில் தன் பெயருக்குப் பதிலாக 'பூக்குட்டி' என்று செல்லப்பெயரைப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் பாதியில் படிப்பை விட்டுவிட்டு ஒரு துணிக்கடையில் கேஷியராகச் சேர்ந்துவிட்டாள், கல்லூரிக்குச் சொல்லவும் மறந்துவிட்டாள். நாலு முகம் இல்லாவிட்டால் குழுவைக் கலைத்து வேறு குழுக்களில் பிரித்துப் போட்டுவிடுவார்களாம். உங்கள் மருமகள் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, அப்பா, பூக்குட்டி இடத்துல நீங்க சும்மா உக்காருங்கப்பா. வாயைத் திறக்கவே வேணாம். யார் என்ன சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டுங்க." சும்மா உட்காருவதா? மச்சான், முப்பது வருஷம் நான் சம்பளம் வாங்கியதே பக்கத்து சீட்டில் வாயைத் திறக்காமல் சும்மா உட்கார்ந்ததற்குத்தானே! சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, மீசையைச் சீவிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். என் முகத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'பூக்குட்டி' என்று இருந்தது.

எதிர்ப்பக்கம் இரண்டு பேர். ஒருவன் இருபது வயசுப் பையன், சுருட்டை முடி. இன்னொருவர் முழு வழுக்கை, மூக்குக் கண்ணாடி, என் வயசு இருக்கும். வெளிநாட்டில் எந்த வயசிலும் படிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், எனவே பெரியவரே, வணக்கம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவரும் வாயைத் திறக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். நான் ஆட்டினேன். அவர் மறுபடி ஆட்டினார். பையன் இங்கிலீஷில் ஏதோ கேட்டான், நான் ஆட்டினேன். கூட்டம் முடிந்ததும் உங்கள் மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள். "குழுத் தலைவரா இருக்க யாருக்கு இஷ்டம்னு கேட்டான்ப்பா! பூம்பூம் மாடு மாதிரி ஆட்டிட்டீங்களே!" எது கேட்டாலும் ஆட்டச் சொன்னது யார்? சொல்லுங்கள்.

உங்கள் தங்கைக்கு வேறு சந்தேகம். அந்தப் பக்கம் ஒரு பையன், பக்கத்தில் ஒரு பெரியவர், இந்தப் பக்கம் பெண், பக்கத்தில் அப்பா. கதவோரம் நின்று பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எனக்குத் தெரியாம என்ன பேசி முடிக்கிறீங்க? பையனுக்கு என்ன சம்பளம்?" என்றாள். முக்காலி என்றேன். "முக்காலி விக்கிறானா?" என்றாள். விளக்கிச் சொல்ல நான் வாயைத் திறந்தால் மைக் வேறு ஆன் ஆகியிருந்தது. தொலையட்டும்.

இப்படியே வாரங்கள் போயின. காலின் உயரம் இவ்வளவு இருக்கட்டுமா என்று பையன் கேட்டான், ஆட்டினேன். அடுத்த கூட்டத்தில் அதைவிடக் குறைவாக ஒன்று சொன்னான், அதற்கும் ஆட்டினேன். மூன்றாவதாக நம்ம பொண்ணு ஒரு அளவு சொன்னாள், பெற்ற பெண்ணுக்கு ஆட்டாமல் இருக்க முடியுமா? தலைவர் மூன்று உயரத்துக்கும் சம்மதித்துவிட்டார் என்று ஏட்டில் ஏறிவிட்டது. அதன்பிறகு பெரிய சண்டை. மடக்கி வைக்கும்படி செய்ய வேண்டும் என்றாள் இவள், உள்ளே சாமான் போட்டு வைக்கும்படி மூடி வேண்டும் என்றான் அவன். "பூக்குட்டி, நீங்க சொல்லுங்க" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். நான் இரண்டு பேருக்கும் பாரபட்சமில்லாமல் ஆட்டினேன். அவ்வளவுதான், எண்ணெயில் போட்ட கடுகாகப் பொரிந்து, நீ பொய்யன், நீ பிடிவாதக்காரி என்று ஆளுக்கொரு பக்கம் எழுந்து போய்விட்டார்கள். "இனிமே அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன். முகம் காட்டணுமே, நீங்க மட்டும் உக்காருங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறு கூட்டத்தில் திரையில் நானும் வழுக்கையாரும் மட்டும். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சைகையிலும் அரைகுறை இங்கிலீஷிலும் அவர் சொன்னபிறகுதான் தெரிந்தது, அவரும் மாணவர் இல்லை, அந்தப் பையனுடைய அப்பா! அங்கேயும் ஒருத்தன் கழன்றுகொள்ள, இவரைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள். உத்தியோகம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராம், ஓய்வு பெற்றுவிட்டார். மச்சான், எனக்கு அன்று வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? பிள்ளைகள் பாதியில் விட்ட முக்காலியை, அவர் அங்கே ஒன்று, நான் இங்கே ஒன்று என்று நாங்களே செய்ய ஆரம்பித்தோம். ஒருவருடைய பாஷை ஒருவருக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் அவர் டேப்பை நீட்டிக் கேமராவில் காட்டினால் நான் மரத்தில் கோடு போட்டேன், நான் ரம்பத்தைத் தூக்கிக் காட்டினால் அவரும் ஒரு ரம்பத்தைத் தூக்கினார். உங்கள் தங்கை எனக்குக் காபி கொண்டுவந்தால் அவருக்கும் டம்ளரைத் திரையில் காட்டி, "அண்ணா, எடுத்துக்குங்க" என்பாள். அந்த மனுஷரும் அங்கே ஒரு கோப்பையை உயர்த்துவார். ரிட்டயர் ஆனபிறகு எனக்குக் கிடைத்த ஒரே நண்பர் அவர்தான் என்று சொன்னால் நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

முக்காலியை அரங்கேற்றும் நாள் வந்தது. அன்றைக்கு மட்டும் பிள்ளைகள் இரண்டு பேரும் தலை சீவிப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, எல்லாம் தாங்களே செய்ததாக வாய் கிழியப் பேசினார்கள். அங்கே வழுக்கையார் செய்த முக்காலி மேசைமேல் வைத்தவுடன் சாய்ந்து விழுந்தது. ஏட்டில் ஏறியபடி மூன்று காலும் மூன்று உயரம், விழாமல் என்ன செய்யும்? என்னுடையதைக் கூடத்தில் வைத்தேன். நின்றது, மச்சான்! பலகை மட்டமாக, சொன்ன சொல் மாறாமல் நின்றது. நம் கூடத்துத் தரை சாக்கடை மூலையைப் பார்த்துச் சரிந்திருக்கிறது அல்லவா, கழுவிவிட்டால் தண்ணீர் தானே ஓடட்டும் என்று கொத்தனார் போட்ட சரிவு, அதற்கும் இந்த மூன்று காலுக்கும் அப்படி ஒரு பொருத்தம். அந்த நாட்டுப் பேராசிரியர் எழுந்தே நின்றுவிட்டார். சரிவான தரைக்கென்றே யோசித்துச் செய்த முக்காலியை அவர் ஆயுளில் பார்த்ததில்லையாம். நம்ம ஊர்ப் பேராசிரியை அம்மாவுக்குத் திரையில் முகமெல்லாம் பொட்டு அளவுதான் தெரியும் போலிருக்கிறது. "ரொம்ப நல்லா செஞ்சிருக்கேம்மா பூக்குட்டி. ஏன் முகம் இப்படி வாடிக் கிடக்கு? நேரத்துக்குச் சாப்பிடு" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

வினை அதற்குப் பிறகுதான். குழுவில் இருக்கும் ஒவ்வொருவரும் மற்றவருக்கு மதிப்பெண் போட வேண்டுமாம், அதுதான் பாதி மார்க்காம். யார் போட்டது என்று சொல்ல மாட்டார்களாம். மச்சான், என் கையில் மார்க் போடும் வேலையைக் கொடுத்துவிட்டு அப்புறம் என்னைக் குறை சொல்லி என்ன பயன்? உங்கள் மருமகள் பெயருக்கு எதிரே, கூட்டங்களுக்கு ஒழுங்காக வந்தாரா என்று கேள்வி. வரவில்லை. முட்டை போட்டேன். பிறர் கருத்தை மதித்தாரா? மதிக்கவில்லை. முட்டை. பையனுக்கும் அதே. வழுக்கையாருக்கு மட்டும், அவர் முக்காலி விழுந்திருந்தும், நட்புக்காக வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு சலுகை காட்டி நல்ல மார்க் போட்டேன். முடிவு வந்தது. பூக்குட்டிதான் குழுவில் முதல். உங்கள் மருமகள் பெயில். இந்தப் பாடத்தை அடுத்த பருவத்தில் முதலிலிருந்து படிக்க வேண்டும், அதுவரை பட்டம் கிடையாது. சான்றிதழ் நேராகத் துணிக்கடைக்குப் போய்விட்டது. அந்தப் பெண் அதைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறாள். எனக்கு வேட்டியில் தள்ளுபடி தருவதாகச் சொல்லி அனுப்பினாள்.

யார் போட்டது என்று தெரியாது என்றார்களே, அதை நம்பியதுதான் என் தப்பு. கடைசியில் ஒரு வரி கருத்து எழுதச் சொன்னார்கள், கைப்பழக்கத்தில் எழுதிவிட்டேன்: 'எதிரே வருபவருக்கு வழிவிடுவதில்லை. மேலும் பயிற்சி பெற்று மீண்டும் வரவும்.' போனைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். "உலகத்துலேயே இப்படி எழுதுற பூக்குட்டி நீங்க ஒருத்தர்தான்ப்பா. பெத்த அப்பனே பெயில் போட்டா, அப்புறம் யாருப்பா எனக்குப் பாஸ் போடுவா?" என்றாள். குரல் உடைந்துவிட்டது. நேர்மை, பொதுச்சேவை என்று நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். கதவு சாத்தப்பட்டது. அன்றைக்குச் சாத்தியதுதான். உங்கள் தங்கை வேறு, "வண்டியை மரத்துல விட்டவனெல்லாம் இவர்கிட்ட தப்பிச்சுட்டான், நம்ம பொண்ணு மாட்டிக்கிட்டா" என்று அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

சாப்பிடக் கூப்பிட்டால் அம்மாவிடம் பதில் சொல்கிறாள். பேனா எங்கே என்று என்னைக் கேட்க வேண்டியதைச் சுவரிடம் கேட்கிறாள். வீட்டில் இருப்பதே மூன்று பேர், அதில் ஒருத்தி பேசாவிட்டால் எனக்குச் சோறு இறங்கவில்லை, மச்சான். நான் போட்ட மார்க் தப்பில்லை, அதை இப்போதும் சொல்கிறேன். ஆனால் என் மகள் பேசாமல் என்னால் இருக்க முடியாது, அதையும் சொல்கிறேன். முதலிடம் பிடித்த மனிதன் முக்காலியில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். தயவுசெய்து ஒரு போன் போடுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். மோட்டாருக்கு எண்ணெய் விடவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள,
பாஸான மைத்துனன்

பின்குறிப்பு: மேலே எழுதிய அனைத்தையும் கிழித்துப் போடவும். கடிதத்தை ஒட்டுவதற்குப் பசை தேடி எழுந்துபோன நேரத்தில் உங்கள் மருமகள் இதை எடுத்துப் படித்திருக்கிறாள். திரும்பி வந்தால் முக்காலிமேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "அப்பா, இதுல ரெண்டு தப்பு இருக்கு" என்றாள். அப்பா என்று கூப்பிட்டாள், மச்சான்! எனக்குக் கண் கலங்கிவிட்டது, உங்களிடம் ஒளிப்பானேன். முதல் தப்பு, அவளும் பையனும் சண்டையில் இல்லையாம். இரண்டு பேரும் பெயில் என்று தெரிந்த அன்றே சமாதானமாகி, எங்கள் இரண்டு அப்பன்களையும் பற்றித் தினமும் போனில் பேசிச் சிரிக்கிறார்களாம். இரண்டாவது, என் முதலிடம். "உங்க நண்பர் உங்களுக்கு என்ன போட்டார் தெரியுமா? முட்டை! 'ஒரு வார்த்தை பேசவில்லை, பாதுகாப்பானவர் என்று சான்றளிக்க இயலாது'ன்னு எழுதியிருக்காராம். நானும் அவனும் ஆளுக்கு நூத்துக்கு நூறு போட்டோம். அதுலதான் நீங்க பாஸ்" என்றாள். ஏன் போட்டாய் என்று கேட்டேன். "நீங்க தினமும் சட்டையை இஸ்திரி போட்டுக்கிட்டு வந்து உக்காந்தீங்களேப்பா" என்றாள்.

ஆகவே நீங்கள் போன் போட வேண்டாம், நேரில் வாருங்கள். அடுத்த பருவத்தில் மறுபடி நாலு முகம் வேண்டுமாம், இந்த முறை அப்பா வேண்டாம், மாமாதான் வேண்டும், அவர் யாருக்கும் பெயில் போட மாட்டார் என்று ஒரே முடிவாக இருக்கிறாள். நானும் தலையை ஆட்டிவிட்டேன். வந்ததும் முக்காலியில் உட்காருங்கள், உங்களுக்காகவே கூடத்தில் சரியான இடம் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றே ஒன்று, உட்கார்ந்தபிறகு தயவுசெய்து பின்பக்கமாக மட்டும் நகர்த்த வேண்டாம். உங்களுக்கு ரிவர்ஸ் வராது.