சேமிக்கவா, அழிக்கவா?

முப்பத்தொரு வருடம் அரசு அலுவலகத்தின் ஆவண அறையில் வேலை பார்த்தவன் நான். அங்கே ஒரு துண்டுக் காகிதம்கூட என் கையால் தொலைந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஓர் ஆவணத்தை அழித்தேன். தவறுதலாக அல்ல, வேண்டுமென்றே.

அடி அண்ணாமலையில் எங்கள் குலதெய்வக் கோயிலில் பேத்திக்குக் காதுகுத்து. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன், அதாவது என் மகன், சரக்குக் கப்பலில் நடுக்கடலில் இருந்தான். (என் தம்பி மகனின் மடியை இரவல் வாங்கினோம்.)

"அப்பா, சொந்தக்காரங்களுக்கு லைவ் போடுங்க. முடிஞ்சதும் சேவ் பண்ணவானு கேட்கும், அமுக்கிடுங்க. கரைக்கு வந்ததும் அதைத்தான் பார்க்கப் போறேன்" என்று பத்து முறை சொல்லியிருந்தான்.

லைவ் அமர்க்களமாகப் போனது. ஆசாரி ஊசியை எடுத்ததும் மகளின் மாமியார், எங்கள் சம்பந்தியம்மாள், "இன்னும் கொஞ்சம் கீழ... ஐயோ, ஜாஸ்தி கீழ!" என்று அவருக்கே பாடம் எடுத்தார். நான் மனதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டேன். (மனதுக்குள் என்றுதான் நினைத்தேன். வாய்க்கும் போனுக்கும் அரை முழம்கூட இல்லை.)

முடித்ததும் சென்னையிலிருந்து தம்பி மகளின் செய்தி வந்தது: "பெரியப்பா, உங்க கமென்ட்ரி செம! 'தேருக்குச் சீலை சுத்தின மாதிரி வந்து நிக்குது இந்தம்மா'னு சொன்னீங்களே, இங்க எல்லாரும் உருண்டு சிரிக்கிறோம்!"

பதிவு இருந்தால் சம்பந்தியம்மாள் காதுக்கும் போய்விடும். சேமிக்கவா, அழிக்கவா என்று போன் கேட்டது. அழி என்றேன். நிச்சயமாகவா என்று இன்னொரு முறையும் கேட்டது. (ஆவண அறையில் ஒரு கோப்பை அழிக்க மூன்று கையெழுத்து வேண்டும். இங்கே ஒரு கட்டைவிரல் போதும்.)

இரண்டு வாரம் கழித்து மகன் கூப்பிட்டான்.

"சிக்னல் சரியில்லப்பா, சேவ் ஆகல" என்றேன்.

"பரவாயில்லப்பா. பாப்பா ரொம்ப அழுதாளா?"

அதற்கு மேல் பொய்யை இழுக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் சம்பந்தியம்மாள் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன்.

"அதுவா? போளூர்லேர்ந்து எங்க அக்கா லைவ்ல கேட்டுட்டு அப்பவே போன் பண்ணிட்டாங்க. நீங்களா வந்து சொல்றீங்களானுதான் பார்த்துக்கினு இருந்தேன், சம்பந்தி."

ஆக, கேட்கக் கூடாதவர்கள் எல்லாரும் கேட்டாயிற்று. பார்க்க வேண்டிய ஒருவன் மட்டும் பார்க்கவில்லை.

மகன் விடுப்பில் வந்தபோது பேத்தியை அவன் மடியில் உட்கார வைத்து, ஊசி இல்லாமல், முழு விழாவையும் நடித்துக் காட்டினோம். என் வசனத்தைச் சம்பந்தியம்மாளே பேசினார், என்னைவிட நன்றாக. அதைப் படம் பிடிக்க என்னைத் தவிர எல்லாரையும் நம்பினார்கள்.

இன்றும் எங்கள் வீட்டு விசேஷங்களில் லைவ் தொடங்குவதற்கு முன் ஒரு குரல் வரும்: "சம்பந்திக்கு பீடா குடுத்தாச்சா?" என் மனைவி பெரியதாக ஒன்றை மடித்து என் வாயில் திணிப்பாள். யாராவது "சேவ் ஆயிடுச்சு" என்று சொன்ன பிறகுதான் துப்ப அனுமதி.